நியூஜெர்சியிலிருந்து டொராண்டோ: எல்லையில் வண்டியை மாற்றிப் போன கதை

அமெரிக்காவில் எடுத்த வாடகைக் காரைக் கனடாவில் விட்டுவிட்டுப் போக முடியுமா? முடியும். ஆனால் எல்லா நிறுவனமும் ஒப்புக்கொள்வதில்லை. ஒப்புக்கொள்கிறவர்கள் கேட்கும் டிராப் சார்ஜை, அதாவது எடுத்த இடத்தில் விடாமல் வேறு ஊரில் விடுவதற்கான கூடுதல் கட்டணத்தைப் பார்த்தால் விமானத்திலேயே போயிருக்கலாமோ என்று தோன்றும்.

எங்கள் நிலைமை இதுதான். அத்தை மகள் கல்யாணம் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில். கல்யாணம் முடிந்ததும் டொராண்டோவிலிருந்தே அப்பா அம்மாவோடு சென்னைக்கு விமானம். நியூஜெர்சிக்குத் திரும்பி வரும் பேச்சே இல்லை. நுவர்க்கிலிருந்து டொராண்டோவுக்கு ஒன்றரை மணி நேர விமானம் இருக்கிறது. ஆனால் சென்னைக்குப் போகும் பெட்டிகளையும் சீர்வரிசையையும் அந்த டிக்கெட்டில் ஏற்றினால் பெட்டிக்குக் கட்டும் பணமே எங்கேயோ போகிறது. போதாக்குறைக்கு, நயாகராவைப் பார்க்காமல் ஊருக்கு வரமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார்.

முதலில் நியூஜெர்சியில் எடுத்து டொராண்டோ பியர்சன் விமான நிலையத்தில் விடுவது போலத் தேடினேன். சில தளங்கள் வண்டியே இல்லை என்றன. காட்டிய இடங்களில் வாடகையைவிட டிராப் சார்ஜ் அதிகம். ஒரு கிளைக்குப் போன் செய்து ஏன் இப்படி என்று கேட்டேன். எடுத்தவர் பொறுமையாக விளக்கினார். அமெரிக்க நம்பர் பிளேட் வண்டி கனடாவுக்குள் போனால், சுங்கத்தின் கணக்கில் அது தற்காலிகமாக வந்த அயல்நாட்டு வண்டி. அதை அங்கே உள்ளூர்க்காரர் ஒருவருக்குச் சாதாரணமாக வாடகைக்குத் தர முடியாது. அமெரிக்காவுக்குத் திரும்புகிற ஆள் கிடைக்கும்வரை நிறுத்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் டிரைவர் போட்டு அனுப்ப வேண்டும். அந்தச் செலவைத்தான் நம் தலையில் கட்டுகிறார்கள். காரணம் தெரிந்ததும் பேரம் பேசுவதை விட்டுவிட்டேன்.

எல்லையைத் தாண்ட வேண்டியது நாங்கள்தானே, வண்டி எதற்கு? வழியை இரண்டாக வெட்டினேன். நியூஜெர்சியில் எடுத்து, எல்லைக்கு இந்தப் பக்கம் அமெரிக்காவில் இருக்கும் பஃபலோ விமான நிலையத்தில் விடுவது. அந்தப் பக்கம் கனடா நயாகராவில் வேறு வண்டி எடுத்து, கல்யாணம் முடிந்தபின் பியர்சனில் விடுவது. இரண்டும் அந்தந்த நாட்டுக்குள்ளேயே ஒருவழி என்பதால் டிராப் சார்ஜ் தாங்கும்படி இருந்தது. இரண்டு வாடகையையும் கூட்டினாலும் நேரடி வண்டியின் செலவில் பாதியைத் தொடவில்லை. நியூயார்க்கிலிருந்து டொராண்டோவுக்கு மேப்பிள் லீஃப் ரயில் ஓடுகிறது, அதையும் யோசித்தேன். முழுப் பகலும் ரயிலிலேயே போய்விடும்; எல்லையில் எல்லோரும் பெட்டியோடு இறங்கிச் சோதனை முடித்து மறுபடி ஏற வேண்டும். அப்பாவின் முழங்காலை நினைத்து விட்டுவிட்டேன்.

கனடா வண்டியை முன்பதிவு செய்யும்போது கிளை திறந்திருக்கும் நேரத்தைக் கட்டாயம் பாருங்கள். விமான நிலையக் கிளை போல ஊருக்குள் இருக்கும் கிளை ராத்திரிவரை இருக்காது. சனிக்கிழமை மதியத்தோடு மூடுவார்கள், ஞாயிறு திறக்காமலும் இருக்கலாம். நாங்கள் வெள்ளிக்கிழமை போனதற்கு அது ஒன்றே காரணம். காப்பீட்டுக்கு, என் கிரெடிட் கார்டின் வாடகைக் கார் பாதுகாப்பு கனடாவிலும் செல்லுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டேன். சேதத்துக்கு அது சரி. அடுத்தவருக்கு ஏற்படும் இழப்புக்கு வாடகை ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

விசா விஷயம் சுருக்கமாக. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசிட்டர் விசா வேண்டும், அமெரிக்க விசா இருந்தாலும் விலக்கு இல்லை. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு மட்டும் பாஸ்போர்ட்டும் கார்டும் போதும். கல்யாணத் தேதி தெரிந்தவுடனே எங்கள் எல்லோருக்கும் விண்ணப்பித்துவிட்டேன்.

பயணம் சுகமாகவே போனது. ஸ்கிராண்டன், பிங்ஹாம்டன், சிராக்யூஸ் வழியாகப் பஃபலோ, 400 மைலுக்குச் சற்றுக் குறைவு. விமான நிலையத்தில் சாவியைக் கொடுத்துவிட்டு, பெரிய டாக்சி ஒன்றைப் பிடித்து நயாகராவின் அமெரிக்கப் பக்கத்துக்கு வந்தோம். பாலத்தைத் தாண்டி வருவீர்களா என்று டாக்சிக்காரரைக் கேட்டதற்கு, பாஸ்போர்ட் கையில் இல்லை என்றார். பரவாயில்லை, நடந்துபோவது என்று முதலிலேயே முடிவு.

ரெயின்போ பாலம் 1941-இல் திறந்தது. லாரிக்கு அனுமதி இல்லை, ஆனால் நடந்து போகலாம். சக்கரப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு நால்வரும் போனோம். ஒரு பக்கம் முழுக்க அருவி. அம்மா நின்று நின்று பார்த்ததில் நேரம் ஆனதே தவிர, தூரம் ஒன்றுமில்லை. மழையோ பனியோ இருந்தால் இதைச் செய்யாதீர்கள், எல்லையைத் தாண்டும் பஸ்ஸே மேல்.

கனடா சுங்கத்தில் இருந்த பெண்மணிக்கு எங்களைப் பார்த்து ஆச்சரியம். இத்தனை பெட்டியோடு நடந்து வருகிறீர்களே, கார் எங்கே என்றார். இரண்டு வாடகை ஒப்பந்தங்களையும் சென்னை விமான டிக்கெட்டையும் காட்டினேன். அப்பா தாமாகவே மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டினார். தமிழில் இருந்த அதை அந்தப் பெண்மணி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பரிசுப் பொருள் உண்டா என்று கேட்டபோது வெள்ளிக் குத்துவிளக்கின் ரசீதைக் கொடுத்தேன். ஒரு பரிசு 60 கனடா டாலருக்கு மேல் போனால் மிச்சத்துக்கு வரி உண்டு. கட்டினோம். ரசீது இருந்ததால் விலை என்ன, ஏது என்ற விவாதம் இல்லை.

அப்பா அம்மாவின் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தித் தரும்படி அங்கேயே கேட்டு வாங்கினேன். அமெரிக்கா தரைவழியாக வெளியேறுபவர்களுக்கு முத்திரை போடுவதில்லை. கனடா நுழைவைப் பதிவு செய்து அமெரிக்காவுக்கு அனுப்பும், அதுவே ஐ-94 என்ற அமெரிக்க வருகைப் பதிவில் வெளியேறியதாகக் கணக்காகும். ஒருவேளை பதிவாகாமல் போனால் அடுத்த முறை விசாவுக்குப் போகும்போது காட்ட ஒரு சான்று வேண்டுமே! சென்னைக்கு வந்தபிறகு ஐ-94 தளத்தில் பார்த்தேன், இருவருக்கும் சரியான தேதி ஏறியிருந்தது.

நயாகரா கிளையில் வேலை சீக்கிரம் முடிந்தது. வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கியூஇடபிள்யூ நெடுஞ்சாலையைப் பிடித்தோம். வேகப்பலகை எல்லாம் இனிமேல் கிலோமீட்டரில், பார்த்து ஓட்டுங்கள். கட்டணச் சாலையான 407 நெடுஞ்சாலையைத் தொடாமலே போனேன். அங்கே சாவடி கிடையாது, கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துவிடும், வாடகை நிறுவனம் சேவைக் கட்டணமும் சேர்த்து வசூலிக்கும். நியூயார்க் துருவே என்ற அமெரிக்கக் கட்டணச் சாலையிலும் அதே கதைதான், ஆனால் சிராக்யூஸ் வழியாக வந்த எங்களுக்கு அதை விட்டால் வேறு வழி சுற்றுவழி. அந்தக் கட்டணம் மட்டும் நாங்கள் சென்னையில் இருக்கும்போது கார்டில் ஏறியது.