ரெண்டு பேர், 43 வருடம்

2024 ஏப்ரல் 26, வெள்ளி

பெட் ஷாப் பாய்ஸ் என்ற இங்கிலாந்து ரெண்டு பேர் பாட்டுக் குழுவின் புது ஆல்பம் 'நன்தலெஸ்' இன்று வந்துவிட்டது. ஷிப்மென்ட் நெருக்கடி, கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் ஓடுகிறது, இருந்தாலும் செக்கிங் டேபிள் ஓரமாக நின்று ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு முழுதும் கேட்டேன். பாடுகிற நீல் டெனன்டுக்கு 69 வயது. குரல் அப்படியே இருக்கிறது: உருகாமல், கத்தாமல், பக்கத்தில் உட்கார்ந்து விஷயம் சொல்கிற குரல். தலைப்பும் வழக்கம்போல ஒற்றை வார்த்தை. 1986இல் வந்த 'ப்ளீஸ்' முதலே அப்படித்தான்.

ஏப்ரல் 28, ஞாயிறு

குழுவில் இன்னொருவரான கிறிஸ் லோ மேடையில் தொப்பியும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு கீபோர்டு பின்னால் அசையாமல் நிற்பார். "அந்தாளு என்னதான் மாமா பண்றாரு?" என்று அக்கா பையன் கேட்டான். பாட்டில் பாதி அவர்தானடா என்றேன். 1981இல் லண்டன் கிங்ஸ் ரோட்டில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் தற்செயலாகச் சந்தித்த ரெண்டு பேர். முதல் பாட்டு 1984இல் வந்து அவர்கள் ஊரிலேயே எடுபடவில்லை, அதையே திரும்பப் பதிவு செய்து 1986 ஜனவரியில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள். அன்றிலிருந்து பாட்டு எழுதியது யார் என்ற இடத்தில் ரெண்டு பெயரும் சேர்ந்தேதான் இருக்கும்.

திருப்பூரில் இருப்பவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். இங்கே மச்சானும் மச்சானும் நாலு மெஷின் போட்டு ஆரம்பிப்பார்கள், பெரிய ஆர்டர் ஒன்று வந்ததும் கணக்கு நோட்டு தனித்தனியாகிவிடும். நானும் சிநேகிதனும் 1996இல் எட்டு மெஷின் போட்டோம். 2001இல் பிரிந்தோம். தப்பு ரெண்டு பக்கமும்.

மே 2, வியாழன்

தூக்கம் வரவில்லை. 1990இல் வந்த 'பீயிங் போரிங்' மட்டும் நாலு தடவை. அது இங்கிலாந்தில் 20ஆம் இடத்தோடு நின்றுபோன பாட்டு, எனக்கு அவர்களுடைய பாட்டிலேயே உச்சம் அதுதான். பழைய படங்களையும் விருந்து அழைப்பையும் எடுத்துப் பார்ப்பதில் தொடங்கி, ஊரைவிட்டுக் கிளம்பின வயதுக்குப் போய், கடைசியில் அன்று கூட இருந்தவர்களில் சிலர் இல்லை என்பதில் வந்து நிற்கும். எய்ட்ஸில் போய்விட்ட நண்பனை நினைத்து டெனன்ட் எழுதியது. அழுகிற பாட்டு இல்லை, தாளம் ஆடத்தான் கூப்பிடுகிறது, அதனால்தான் தொண்டை அடைக்கிறது.

பீரோவில் தேடி கேசட்டை எடுத்தேன். சிநேகிதன் பதிவு பண்ணிக் கொடுத்தது. அட்டையில் நீலப் பேனாவில் 'பெட் ஷாப்பு' என்று அவன் கையெழுத்து, நாடா ஒரு இடத்தில் கசங்கி, அங்கே செலோடேப் ஒட்டு. பென்சில் விட்டுச் சுற்றிப் பார்த்தேன், சுற்றுகிறது.

மே 3, வெள்ளி

காலையில் கேசட்டைப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பினேன். ரொம்ப நேரம் நீல டிக் மட்டும். சாயங்காலம் வந்தது: "டேய், இன்னும் வச்சிருக்கியா? ஞாயித்துக்கெழம சோத்துக்கு வாறேன். டேப் ரெக்கார்டர் எங்கிட்ட இருக்குது."