மூட்லி எந்த ஊர்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், முதலியார் என்பதன் அந்த ஊர் வடிவமான மூட்லி என்ற பெயரை வைத்துக்கொண்டு பூர்வீகம் தேடுகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குடும்பப் பெயரை நம்பி ஆவணக் காப்பகத்துக்குப் போகாதீர்கள். 1860 நவம்பரில் வந்த ட்ரூரோ கப்பல் முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியில் இறங்கியவர்கள் ஏறத்தாழ 1,52,000 பேர். கப்பல் பட்டியலில் அவர்களுக்குப் பேர், தகப்பன் பேர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் இவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு காலனி நம்பர், ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்த பதிவு எண். அது தெரியாமல் "முனுசாமி" என்று கேட்டால் வரிசையாக முனுசாமிகள் வருவார்கள்.

எங்கள் நம்பர் டர்பனுக்கு வடக்கே டொங்காட் ஊரில் அத்தை வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது, பூட்டனின் கல்யாணப் பதிவுத் தாளில். தாள் இல்லாதவர்கள் காப்பகத்தில் இறந்தவர்களின் பழைய சொத்துக் கோப்புகளைக் கேட்டுப் பாருங்கள். அதில் இருக்கும் மரண அறிவிப்பில் பெற்றோர் பேராவது கிடைக்கும். நம்பரைக் கொடுத்த பிறகு வேலை சுலபம். கையெழுத்தைப் படிப்பதுதான் பாடு.

எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு: நாம் தில்லையாடிக்காரர்கள், வள்ளியம்மைக்குச் சொந்தம். சத்தியாகிரகத்தில் சிறை போய், 1914இல் பதினாறு வயதில் இறந்த அந்தப் பெண்ணின் தகப்பனார் முனுசாமி முதலியார். எங்கள் பூட்டனும் முனுசாமி. போதாதா? ஸ்டீவ் பிக்கோவோடு கறுப்பு விழிப்புணர்வு இயக்கத்தில் நின்று ராபன் தீவில் சிறையிருந்த ஸ்ட்ரினி மூட்லியையும் சித்தப்பா விடவில்லை, "நம்ம பங்காளி" என்பார்.

ஆனால் பட்டியலில் பூட்டனின் ஜில்லா வட ஆற்காடு. தில்லையாடி இருப்பதோ தரங்கம்பாடிப் பக்கம். கிராமத்தின் பெயரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். குடியாத்தம் தாலுகா வரைபடத்தில் அதற்கு ஒத்துவரும் ஊர் இரண்டு.

சாதி என்ற பத்தியில் முதலியார் இல்லை. பறையர் என்று இருந்தது. கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தம் முடிந்து, சொந்தமாகக் காய்கறி பயிரிட்ட காலத்தில், பிள்ளைகளின் பிறப்புப் பதிவில்தான் மூட்லி முதன்முதலாக வருகிறது. கடல் தாண்டி வந்தவன் தனக்கு வேண்டிய பேரைத் தானே எடுத்துக்கொண்டிருக்கிறான். எனக்கு அதில் பெருமைதான். அத்தையும் சிரித்துக்கொண்டே "கெட்டிக்காரர்" என்றாள்.

சித்தப்பா மட்டும் அந்தப் பத்தியைத் தாளால் மறைத்து ஜெராக்ஸ் எடுத்துத் தரச் சொன்னார். முழுதாகவே எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.