வருகைக் கூடத்தில் ஒரு தக்களி வட்டு

வான்கூவர் விமான நிலையத்தில் சக்கர நாற்காலிப் பயணிகளை அழைத்துச் செல்வது என் வேலை. வெளிநாட்டு விமானங்களில் வருபவர்கள் குடிவரவுக் கூடத்துக்கு இறங்கும் இடத்தில், சிவப்பு சீடர் மரத்தில் செதுக்கிய பெரிய வட்டம் ஒன்று இருக்கிறது. விட்டம் கிட்டத்தட்ட 5 மீட்டர். கூடவே தண்ணீரும் வழிந்துகொண்டே இருக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து மகளைப் பார்க்க வந்த ஓர் அம்மா, "இதென்ன தம்பி, தேர்ச் சில்லோ?" என்று கேட்டார். "இல்லையம்மா, நூல் நூற்கிற தக்களியோட வட்டு" என்றேன். அவரால் நம்ப முடியவில்லை. உண்மையான வட்டு கைக்கு அடக்கமானதுதான். மலை ஆட்டின் மயிரையும், இதற்கென்றே வளர்த்த நாய்களின் மயிரையும் இந்தக் கடற்கரைப் பூர்வகுடிகளான கடலோர சேலிஷ் மக்களின் பெண்கள் அதில் நூலாக்கிப் போர்வை நெய்தார்கள். அந்த நெசவு ஏறக்குறைய அற்றுப்போய், 1980களில் அவர்களில் ஒரு பிரிவான மஸ்குவியம் மக்களின் பெண்கள் அதை மீண்டும் கற்று எடுத்தார்கள். அவர்கள் நெய்தவையும் இதே கூடத்தில் தொங்குகின்றன.

வட்டைச் செதுக்கியவர் மஸ்குவியம் மக்களில் ஒருவரான சூசன் பாயின்ட். அதில் கழுகுகள் இருக்கின்றன, கைகளை உயர்த்தி வரவேற்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். அந்த மனிதர்களின் மார்பில் சால்மன் மீன். என் கண் எப்போதும் அங்கேதான் போய் நிற்கும். இந்த விமான நிலையம் ஃபிரேசர் ஆற்றின் முகத்துவாரத்தில், சீ ஐலண்ட் என்ற தீவில் இருக்கிறது. மஸ்குவியம் ஊர் ஆற்றின் வடகிளைக்கு அக்கரையில். கடலிலிருந்து ஆறேறும் சால்மன் இவர்கள் வாசலைக் கடந்துதான் மேலே போகிறது. ஓடுபாதைகள் கிடக்கும் நிலமும் இவர்கள் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய நிலம்.

அந்த மீனுக்காக இவர்கள் நீதிமன்றமும் ஏறினார்கள். 1984இல் ரொனால்ட் ஸ்பாரோ என்ற மஸ்குவியம் மீனவர், அனுமதித்ததைவிட நீளமான வலை போட்டதாக வழக்கில் சிக்கினார். 1990இல் கனடா உச்ச நீதிமன்றம், பூர்வகுடிகளின் மீன்பிடி உரிமை அழிந்துவிடவில்லை, அரசியலமைப்பு அதைக் காக்கிறது என்று தீர்ப்பளித்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த மார்பில் இருக்கும் மீனை எனக்கு வெறும் அலங்காரமாகப் பார்க்க முடியவில்லை.

புறப்பாட்டுப் பக்கம் பில் ரீட் வார்த்த பச்சை வெண்கலப் படகு இருக்கிறது. பயணிகள் கூட்டமாக நின்று படம் எடுப்பது அங்கேதான். அபாரமான வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் அது வடக்கே இருக்கும் ஹைடா மக்களின் கலை. இந்த மண்ணுக்குரியவர்களின் கலை வருகை வாசலில் இருக்கிறது. நீண்ட பயணக் களைப்பில் பலர் நிமிர்ந்து பார்க்காமலே கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு. அதனால் நாற்காலியை அங்கே சற்று நிறுத்தி, இது யாருடைய ஊர் என்று சொல்லிவிட்டுத்தான் நகர்த்துவேன்.

2017இல் மஸ்குவியம் மக்களும் விமான நிலையமும் 30 ஆண்டு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டார்கள். வேலை, கல்வி உதவித்தொகை, வருமானத்தில் ஒரு பங்கு எல்லாம் அதில் அடக்கம். இப்போது என்னோடு அந்த ஊர் இளைஞர் ஒருவர் வேலை செய்கிறார். ஆகஸ்டில் சாக்கை சால்மன் வரும் நாட்களில் விடுப்புக் கேட்பார். அவருடைய ஷிஃப்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.