மாத்திரையில் வந்த பீரியட்ஸை நம்பி ஆறு மாதம் போனது

"ஏதாவது விசேஷமா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே ஓய்ந்துபோன நாட்கள் அவை. எனக்கு சினைப்பையில் நீர்க்கட்டி (பி.சி.ஓ.எஸ்.) உண்டு. பீரியட்ஸ் அறுபது நாள், எழுபது நாள் தள்ளிப்போவது பழக்கம்தான். கல்யாணமான இரண்டாம் வருடம், 72-ஆம் நாளில், திண்டுக்கல்லில் வீட்டுக்குப் பக்கத்து கிளினிக்குக்குப் போனேன். சரியான கூட்டம். இரண்டு நிமிடம்கூட உட்காரவில்லை, பீரியட்ஸை வரவழைக்கும் மாத்திரை, மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் 10 மி.கி., பத்து நாள் என்று சீட்டு கைக்கு வந்துவிட்டது.

நிறுத்திய நான்காம் நாள் பீரியட்ஸ் வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்றே நம்பினேன். முட்டை வெளியாகும் நாள் என்று பதினான்காம் நாளை எண்ணி காலண்டரில் வட்டம் போட்டேன். அடுத்த மாதமும் தள்ளிப்போனது. தங்கிவிட்டதோ என்று ஆசையாகக் கர்ப்பப் பரிசோதனைக் கார்டு போட்டால் ஒற்றைக் கோடு. மறுபடி அதே மாத்திரை. நான்காவது தடவை டாக்டரிடம்கூடப் போகவில்லை. காலி அட்டையைக் காட்டி மெடிக்கலில் வாங்கிப் போட்டேன். அப்போது கார்டும் போட்டுப் பார்க்கவில்லை. ஒருவேளை தங்கியிருந்தால்? இன்றும் அதை நினைத்தால் மனசு பதறுகிறது.

அப்புறம்தான் தோழி சொல்லி மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆரப்பாளையத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து, டோக்கன் போடும் இடத்தில் நின்றால், "பழைய ஸ்கேன் ரிப்போர்ட் இல்லாம ஃபைல் போட முடியாதும்மா" என்றார்கள். ரிப்போர்ட் வீட்டு பீரோவில் இருக்கிறது. போனில் போட்டோ வரவழைத்துக் காட்டுகிறேன் என்றேன், ஒப்புக்கொள்ளவில்லை. அன்று முழுக்க வீண். பழைய காகிதம் எதையும் விடாமல் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள்.

அடுத்த வாரம் பார்த்த டாக்டர் முதலில் கேட்டதே, "மாத்திரைக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் கார்டு போட்டீங்களாம்மா?" என்பதுதான். அப்புறம் பொறுமையாக விளக்கினார். முட்டை வெளியானால்தான் உடம்பு தானாக புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும். எனக்கு முட்டை வெளியாகவில்லை. கர்ப்பப்பையின் உள்சவ்வு மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. மாத்திரை அந்த ஹார்மோனை வெளியிலிருந்து கொடுக்கிறது, நிறுத்தியதும் சவ்வு உதிர்கிறது. அவ்வளவுதான். ரத்தம் வந்ததால் முட்டை வந்தது என்று அர்த்தமில்லை. நான் வட்டம் போட்ட பதினான்காம் நாட்களுக்கு எந்த அடிப்படையும் இல்லை. இதை முதல் நாளே ஒருவர் சொல்லியிருக்கலாமே என்று அங்கேயே அழுதுவிட்டேன்.

என் இன்னொரு பயத்தையும் கேட்டேன். மாத்திரை போட்டுப் போட்டு கர்ப்பப்பை வறண்டுவிடும் என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி எதுவும் ஆகாது, இந்த மாத்திரையால் பிறகு குழந்தை தங்குவது கெடாது என்றார். அத்தையிடம் அதைச் சொன்ன அன்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டோம்.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன்கள் இரண்டும் சரியாக இருந்தன. கணவரின் விந்துப் பரிசோதனைக்குத்தான் இரண்டு நடை. இரண்டிலிருந்து ஏழு நாள் விந்து வெளியேறாமல் இடைவெளி விட்டு வர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை; லேபில் கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அவருக்குக் கூச்சம் தாங்கவில்லை. சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

லெட்ரோசோல் 2.5 மி.கி., பீரியட்ஸின் மூன்றாம் நாளிலிருந்து ஐந்து நாள் என்று டாக்டர் எழுதினார். பெட்டிக்குள் இருந்த காகிதத்தைப் பிரித்தால் மார்பகப் புற்றுநோய் மருந்து என்று இருக்கிறது! அன்றிரவு போடவில்லை. காலையில் போன் செய்து கேட்டபோது, முட்டை வளரவும் இதைத்தான் கொடுக்கிறோம் என்றார்கள். பிறகு தேடிப் படித்தேன். இந்தியாவில் 2011-இல் இந்தப் பயன்பாட்டைத் தடை செய்து, 2017-இல் தடையை நீக்கியிருக்கிறார்கள். நீர்க்கட்டி உள்ள 750 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து சுழற்சி வரை லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. முட்டை வளரக் கொடுக்கும் இன்னொரு மருந்தான குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதம். படித்த பிறகுதான் தைரியம் வந்தது.

முதல் சுழற்சியில் முட்டை வளரவில்லை. இரண்டாவதில் முட்டைப்பை 19 மி.மீ. வந்ததும், முட்டையை வெளியாக்க ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோன் ஊசி போட்டார்கள். பொறுக்க முடியாமல் ஊசி போட்ட ஒன்பதாம் நாள் கார்டு போட்டேன். இரண்டு கோடு! அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். ஐந்து நாளில் கோடு மறைந்து பீரியட்ஸ் வந்தது. அது ஊசியின் ஹார்மோன் காட்டிய கோடு. கார்டு கண்டுபிடிப்பதும் அதே ஹெச்.சி.ஜி.யைத்தானே. ஊசி போட்டால் டாக்டர் சொன்ன நாள் வரை தயவுசெய்து கார்டைத் தொடாதீர்கள். அம்மாவிடம் மறுபடி சொன்னது போன்ற கஷ்டம் யாருக்கும் வேண்டாம்.

மூன்றாவதில் பதினாறாம் நாள் வரை பொறுத்தேன். இந்தக் கோடு மறையவில்லை. ஏழாம் வாரம் ஸ்கேனில் துடிப்பைப் பார்த்தோம். இப்போது பதினொன்றாம் வாரம். அடுத்த ஸ்கேனுக்கு வியாழக்கிழமை போகிறோம்; ஃபைலை நேற்றே பையில் வைத்துவிட்டேன்.