காவடிக்கு முந்தைய வாரம்

மொரீஷியஸின் ரோஸ் ஹில் ஊரில் இருக்கும் எங்கள் துணிக்கடையில் இந்த வாரம் முழுக்க ஒரே நிறம்தான், ரோஸ் கலர். தைப்பூசம் மொரீஷியஸில் அரசு விடுமுறை; காவடி எடுப்பவர்கள் பெரும்பாலும் இந்த நிறத்தில்தான் உடுத்துவார்கள். மஞ்சளும் பச்சையும் பார்த்துச் சென்னையில் வளர்ந்த எனக்கு இது இன்னும் புதுசுதான், அவ்வளவு பிடித்திருக்கிறது.

நேற்று ஒரு பாட்டி பேத்தியோடு வந்தார். பேச்செல்லாம் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல். பட்டுத் துணியை எடுத்துப் போட்டேன், கையாலேயே ஒதுக்கிவிட்டார். சரிதான், இங்கே ஜனவரி நல்ல கோடை. பால்குடம் தூக்கி வெயிலில் நடந்து, அப்புறம் மலைக்கோயில் படியும் ஏற வேண்டும், பருத்திதான் தாங்கும். பட்டில் லாபம் அதிகம், ஆனாலும் அவர் பக்கம்தான் நான்.

பேத்தியின் பாவாடையில் உள்மடிப்பு விட்டுத் தைக்கச் சொன்னார், அடுத்த வருஷம் பிரித்துக்கொள்ளலாமாம். எங்கள் அம்மாவும் இதையேதான் சொல்வார். நாளை காலை வாங்க வருகிறார்கள். இன்று ராத்திரி அந்தப் பாவாடைதான் முதலில்.