பன்னிரண்டு பேர் பட்டியல்

ஆடி மாதத்தில் பல்லடம் பக்கம் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனைக்குப் போவதற்குள், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பாதிக் கோட்டை அள்ளிக்கொண்டு போயிருக்கும். அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்குள் நடக்கிற குறுவட்டப் போட்டிகள் வருவதும் பெரும்பாலும் அந்தக் காற்றுக் காலத்தில்தான். எங்கள் பள்ளி மைதானத்தின் கிழக்கு முனையில் மணல் குழி வெட்டியவர் எனக்கு முன்னால் இருந்த உடற்கல்வி ஆசிரியர். கெட்டிக்காரர். மேற்கிலிருந்து ஓடி வருகிற பையனைக் காற்றே தூக்கிக் கொண்டுபோய்க் குழியில் போடும். பின்காற்று நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் சாதனைக் கணக்கில் சேராது என்பது தடகள விதி. அதை அளக்கிற கருவி எங்கள் மைதானத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை.

அதனால் 2003-ல் என் மாணவன் ஒருவன் மும்முறைத் தாண்டுதலில் தாண்டிய 13 மீட்டர் 80-ஐ நான் இன்றைக்கும் பாதிதான் நம்புகிறேன். ஆனால் அந்தக் கால்களை முழுதாக நம்புகிறேன். முதல் இரண்டு தாவலையும் ஒரே காலில் ஊன்றி, மூன்றாவதற்கு அடுத்த காலை மாற்ற வேண்டும். நடுவிலுள்ள அந்த இரண்டாவது தாவலில்தான் பையன்கள் உட்கார்ந்துபோவார்கள். அவன் அங்கேதான் எழுவான்.

கூலித் தறி ஓட்டுகிற வீடு. விடியுமுன்னே தறிக்கு நூல் தார் சுற்றிக் கொடுத்துவிட்டு ஆறு மணிக்கு மைதானத்தில் நிற்பான். தலைமயிரில் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும். காலுக்குச் செருப்பே கிடையாது, அப்புறம் எங்கே ஸ்பைக்ஸ்? என் சைக்கிள் கூடையில் இரண்டு அவித்த முட்டை வைத்திருப்பேன். அதில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றைத் தம்பிக்கென்று டவுசர் பையில் போட்டுக்கொள்வான்.

நீளம் தாண்டுதல், மும்முறைத் தாண்டுதல், தொடர் ஓட்டம், கபடி, வாலிபால் என்று எதில் பெயர் கொடுத்தாலும் விளையாடுவான். எல்லாவற்றிலும் கொடுத்தேன். தனிப் போட்டியில் முதலிடத்துக்கு 5 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 1. ஒட்டுமொத்த சாம்பியன் கேடயம் தலைமையாசிரியர் மேசைக்கு வர அந்த ஐந்துகள்தான் வேண்டும். மூன்று வருடம் கேடயம் எங்களிடம் இருந்தது. பள்ளி ஆண்டு விழாவில் மாலை எனக்கு விழுந்தது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் அவன் மும்முறைத் தாண்டுதலில் வருவாய் மாவட்டத்தில் முதலாவதாக வந்தான். அப்போது திருப்பூர் தனி மாவட்டம் ஆகவில்லை, 2009-ல்தான் ஆனது. கோவையிலிருந்து உடுமலை வரைக்கும், பொள்ளாச்சி உட்பட, அத்தனை பள்ளிப் பையன்களுக்கும் நடுவில் வந்த முதலிடம் அது. அதே வருடம் எங்கள் கபடி அணியும் வருவாய் மாவட்டத்தில் ஜெயித்தது. முதல் ரெய்டர் இவன்தான். போனஸ் கோட்டுக்கு இவன் கால் வைப்பதைப் பார்த்தால் மும்முறைத் தாண்டுதல் பயிற்சி வீண்போகவில்லை என்று தெரியும். பின்கால் அந்தரத்தில் நிற்க, முன்கால் கோட்டுக்கு அப்பால் தொட்டு வந்துவிடும்.

அடுத்த படி மண்டலப் போட்டி. தேதி வந்தபோது வயிற்றைக் கலக்கியது. தடகளம் கோவையில், கபடி ஈரோட்டுப் பக்கம், இரண்டும் ஒரே நாள். தேதி குறித்தவர்களைத் திட்டினேன், போன் போட்டுக் கெஞ்சினேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு இரவு முழுக்கக் கணக்குப் போட்டேன். கபடி அணியில் ஆடுகிறவர்கள் ஏழு, மாற்று ஐந்து. ஆகப் பன்னிரண்டு. இவன் இல்லாமல் போனால் முதல் ஆட்டத்திலேயே மூட்டை கட்ட வேண்டியதுதான். இவன் இருந்து மாநிலத்துக்குப் போய்விட்டால் பன்னிரண்டு பேருக்கும் மாநில அளவுச் சான்றிதழ். பன்னிரண்டா, ஒன்றா? காலையில் பட்டியலில் முதல் பெயராக அவன் பெயரை எழுதினேன். தடகளத்துக்கு 'உடல்நலமின்மை' என்று ஒரு வரி.

அரையிறுதியில் இரண்டு புள்ளியில் தோற்றோம். கடைசி ரெய்டில் அவன் தனியாகப் போய் ஒருவனைத் தொட்டான். திரும்பும்போது மூலையில் நின்றவன் கணுக்காலைப் பிடித்துவிட்டான். அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் பேசவில்லை. அவன் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தான். எனக்கும் ஒரு கை நீட்டினான்.

சான்றிதழ்கள் எந்த இடத்தில் கை கொடுக்கும், எந்த இடத்தில் கொடுக்காது என்பது உடற்கல்வி ஆசிரியர்களுக்கே தாமதமாகத்தான் புரிகிறது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம் இருக்கிறது. அரசு வேலையில் 3 சதவீதம் இருக்கிறது. அங்கெல்லாம் எந்த மட்டம் வரை போனாய் என்றுதான் பார்ப்பார்கள். குறுவட்டச் சான்றிதழ் கோணிப்பை நிறைய இருந்தாலும் மாநிலப் பதக்கம் ஒன்றுக்கு ஈடாகாது. அவனிடம் ஐந்து விளையாட்டில் கோணிப்பை இருந்தது. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவன் பின்னால் காவலர் தேர்வில் விளையாட்டுக்கான மதிப்பெண்ணோடு தேறினான். அந்தப் பையன் கொடுத்தது ஈரோட்டுக்குப் போவதற்கு முன்பே கையில் இருந்த மாவட்டச் சான்றிதழ். இதை எனக்குச் சொன்னதே அந்தக் காவலர்தான், இனிப்பும் கொடுத்தார். சாப்பிட்டேன்.

2016 செப்டம்பரில் ரியோ பாராலிம்பிக்கில் மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கியபோது ஆசிரியர் அறையில் என் முதுகைத் தட்டாத ஆள் இல்லை. நானே தாண்டிய மாதிரி. சேலத்துப் பக்கம் பெரியவடகம்பட்டிப் பையன், பள்ளியில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தவனை உயரம் தாண்டப் போகச் சொன்னது அவருடைய உடற்கல்வி ஆசிரியர் என்று பத்திரிகையில் வந்திருந்தது. அந்த வரியை மடித்து வைத்துவிட்டு மைதானத்துக்குப் போய் ஒருமணி நேரம் சும்மா நின்றேன்.

2019-ல் பள்ளிக் கபடி அணிக்கு ஜெர்ஸி எடுக்கத் திருப்பூர் போனேன். நண்பர் சொன்ன யூனிட் ஒரு சந்துக்குள், மாடியில் இருந்தது. படியேறும்போதே ஓவர்லாக் மெஷின் சத்தம். கட்டிங் மாஸ்டரைப் பாருங்கள் என்றார்கள். நீள மேசையில் துணி விரித்துக்கொண்டிருந்த ஆள் என்னைப் பார்த்ததும் துணியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தான். காலைத் தொட வந்தவனைப் பாதியிலேயே பிடித்துக்கொண்டேன். தொப்பை வைத்திருந்தது. கால்கள் மட்டும் அப்படியே.

"வாங் சார், உக்காருங். டேய், சாருக்கு ஒரு டீ சொல்லு."

தறியை எப்போதோ எடைக்குப் போட்டுவிட்டார்களாம். பன்னிரண்டாவது முடித்த அடுத்த மாதமே பனியன் கம்பெனியில் கைமடிக்கிற உதவி வேலைக்குச் சேர்ந்தவன், படிப்படியாக மேலே வந்து மாஸ்டர் ஆகியிருக்கிறான். தினம் ஒன்றரை ஷிப்ட், சனிக்கிழமை சம்பளம். ஒரு பெண், ஒரு பையன். பேசிக்கொண்டே மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் துணியை இழுத்துக்கொண்டு நடந்தான், திரும்பி வந்தான், மறுபடி நடந்தான். ஒவ்வொரு முறையும் அதே எட்டு. மணல் குழிக்கு முன்னால் ஓட்டத்தை அளக்க அவனுக்கு நான் கற்றுக்கொடுத்த அதே நடை என்று எனக்குத் தோன்றியது. வாத்தியார் புத்தி, எதைப் பார்த்தாலும் நாம் சொல்லிக்கொடுத்ததுதான் என்று படும்.

"ஒரு நாளைக்கு எத்தன கிலோமீட்டர் நடக்கறன்னு கணக்குப் பண்ணுங் சார், அதுக்கொரு கப்பு தர்லாம்," என்று சிரித்தான்.

பதினாறு வருடமாகத் தொண்டையில் இருந்ததை அங்கே சொன்னேன். தப்புப் பண்ணிவிட்டேனப்பா, உன்னைக் கோவைக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்றேன். மெஷின் சத்தத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அவன் துணியின் சுருக்கத்தை உள்ளங்கையால் தடவி எடுத்தான்.

"அட, அதுங்களா. நீங்க கேட்டிருந்தாலும் நான் கபடிக்குத்தான் போயிருப்பனுங் சார். பசங்கள உட்டுப்போட்டு நான் மட்டும் எப்படிப் போறது?" கொஞ்ச நேரம் கழித்து, துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்: "ஆனா நீங்க கேக்கவே இல்லீங்களே."

கோபமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் பதில் சொல்லச் சுலபமாக இருந்திருக்கும்.

டீ வந்தது. ஆறுகிற வரை கையில் வைத்திருந்தேன். அவனே பேச்சை மாற்றினான்.

"எத்தன செட்டுங் சார்?"

"பன்னெண்டு."

சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்துக் கொடுத்தேன். பெயர், ஜெர்ஸி எண், சைஸ். முந்தின நாள் இரவு வீட்டில் உட்கார்ந்து எழுதியது. மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டே வந்தவன் நடுவில் நின்றான்.

"சைஸு பசங்கள அளந்து எழுதுனீங்களா, சும்மா போட்டீங்களா?"

"கண்ணளவுதான். தினமும் பார்க்கிற பையன்கள்தானே."

பட்டியலை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

"நாளைக்குப் பசங்களையே கேட்டுப்போட்டுப் போன்ல சொல்லுங் சார். அப்புறம் வெட்டறேன்."