விதி என்றால் விதி: ரீட்டா ஃபெர்டோங்க்

நெதர்லாந்தின் குடியேற்ற அரசியல் என்றதும் குடியேற்ற எதிர்ப்பு அரசியல்வாதி கெர்ட் வில்டர்ஸ் பெயரைத்தான் சொல்வார்கள். சத்தம் அவருடையது, சட்டம் ரீட்டா ஃபெர்டோங்க் போட்டது. சிறைத்துறை அதிகாரியாக இருந்தவர், 2003-இல் வலதுசாரி தாராளவாதக் கட்சியான வி.வி.டி. சார்பில் குடியேற்றம், குடியேறியவர்களை நாட்டோடு ஒருங்கிணைத்தல் இரண்டுக்கும் அமைச்சரானார். விதி என்றால் விதி, விலக்கு கிடையாது. இதுதான் அவர் பாணி.

அவர் செய்ததில் கனமானது 2006 மார்ச் 15-இல் நடைமுறைக்கு வந்த, நாட்டுக்குள் வருமுன் வெளிநாட்டிலேயே எழுத வேண்டிய ஒருங்கிணைப்புத் தேர்வு. நெதர்லாந்தில் இருக்கும் கணவனிடமோ மனைவியிடமோ போய்ச் சேர வேண்டுமானால், முதலில் டச்சுத் தூதரகத்தில் இதில் தேற வேண்டும். அப்போது எழுத்து வேலை இல்லை. தொலைபேசியில் கேட்கும் டச்சு வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், எதிர்ச்சொல் சொல்ல வேண்டும், சின்னக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றிருந்தது. மதிப்பெண் போட்டது கணினி. கூடவே நாட்டைப் பற்றி 30 கேள்விகள். முன்பே வெளியிடப்பட்ட 100 கேள்விகளுக்குள்ளிருந்துதான் வரும், ஆகவே மனப்பாடம் கைகொடுக்கும். உச்சரிப்பில்தான் சிக்கல், ஏனென்றால் அரசு வகுப்பு நடத்தவில்லை. கட்டணம் அப்போது 350 யூரோ. தோற்றால் மறுபடியும் 350. இந்தியரும் மொராக்கோக்காரரும் எழுதியாக வேண்டும். அமெரிக்கருக்கும் ஜப்பானியருக்கும் தேவையில்லை. 'விலக்கு கிடையாது' என்பது எல்லாருக்கும் பொருந்தவில்லை, பாருங்கள்!

அந்தக் கறார்தான் அவரைச் சாய்த்தது. குடியுரிமை விண்ணப்பத்தில் உண்மைப் பெயரைத் தரவில்லை என்று, 2006 மே மாதம் சோமாலியாவில் பிறந்த சொந்தக் கட்சி எம்.பி. அயான் ஹிர்சி அலியின் குடியுரிமையே செல்லாது என்றார். எதிர்ப்பு கிளம்பியதும் ஜூனில் பின்வாங்கினார். ஆனாலும் இதே விவகாரத்தில் கூட்டணியிலிருந்த டி-66 கட்சி விலக, அரசு கவிழ்ந்தது.

அதற்கிடையே கட்சித் தலைமைப் போட்டியில் மார்க் ருட்டேயிடம் தோற்றிருந்தார். நெதர்லாந்தில் கட்சிப் பட்டியலுக்குள் ஒரு பெயரைத் தேர்ந்துதான் வாக்களிப்பார்கள். நவம்பர் தேர்தலில் ருட்டேக்கு 5,53,200 வாக்குகள், பட்டியலில் இரண்டாம் இடத்திலிருந்த ஃபெர்டோங்குக்கு 6,20,555! ஒரே உறையில் இரண்டு கத்தி எத்தனை நாள் இருக்கும்? 2007-இல் கட்சியின் நாடாளுமன்றக் குழு அவரை வெளியேற்றியது. தனிக்கட்சி கண்டார், 2010 தேர்தலில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

தேர்வு மட்டும் நீடித்தது, பின்னர் வாசிப்பும் சேர்ந்து கடினமானது. 2015-இல் ஐரோப்பிய நீதிமன்றம், தேர்வு வைப்பதில் தவறில்லை, ஆனால் 350 யூரோ அதிகம், தனிப்பட்டவரின் சூழ்நிலையைப் பார்த்து விலக்கும் தர வேண்டும் என்றது. அதன் பிறகு கட்டணம் 150 யூரோவானது.